என் சட்டைப்பையில் அவன் நடை

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் மாடி மாடியாக டீ கொண்டுபோகிறவன் நான். மூன்றாம் வகுப்பைத் தாண்ட மூச்சு வாங்கியதால் படிப்பைப் பாதியிலேயே இறக்கி வைத்துவிட்டேன்.

ஒருநாள் மாணவன் ஒருவன் தன் போனை என் சட்டைப்பையில் போட்டான்.

"அண்ணே, நீங்க நடந்தா இதுல எனக்கு ஸ்டெப்ஸ் கணக்கு ஏறும். கிளாஸ் குரூப்புல தெனமும் போடணும். நான்தான் கடைசி, எல்லாரும் சிரிக்கிறாய்ங்க."

"ஏலே, நான் நடந்தா உன் தொப்பை கொறையுமாக்கும்?"

கேலி செய்துகொண்டே சுமந்தேன். ஒரே மாதத்தில் அவன் வகுப்பில் முதலிடம். வாழ்க்கையில் நான் ஃபர்ஸ்ட் வந்தது அப்போதுதான்.

அந்தக் கணக்கை நம்பி, விளையாட்டு விழாவில் வகுப்பு சார்பாக அவனையே நெடுந்தூர ஓட்டத்துக்கு நிறுத்திவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வெட்கம். இரண்டாவது சுற்றில் சுருண்டு விழுந்தான். டீக்கேனைப் போட்டுவிட்டு ஓடினேன். உதடு வெளுத்திருந்தது. கொன்றே விட்டேனோ என்று பயந்துபோய்த் தண்ணீர் தெளித்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"அண்ணே, போன் உங்ககிட்டதான இருக்கு? ஏன் நிக்கிறீங்க? நடங்கண்ணே."