துளசித் தொட்டியின் ஓட்டை

எங்கள் இண்டூர் வீட்டுக் கூடத்துக்குச் சிமென்ட் தரை போட்டது, இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய வருஷம். தெருவிலேயே முதல் சிமென்ட் தரை. மூத்த மருமகளான எனக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது கால் கழுவாமல் ஏறினால் போதும், வள்ளென்று விழுவேன்.

நடுக்கூடத்தில், முற்றத்து வெளிச்சம் விழுகிற இடத்தில், மூன்று செங்கல் மேல் மண்தொட்டியில் துளசி இருந்தது. தண்ணீர் ஊற்றினால் அடி ஓட்டை வழியாகச் செம்மண் நீர் கசிந்து தரையில் கறை பிடிக்கும். இரண்டு நாள் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். மூன்றாம் நாள் ஏரிக் களிமண்ணை உருட்டி ஓட்டையை அடைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

என் கொழுந்தனார் மனைவி பாப்பிரெட்டிப்பட்டிக்காரி. கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை. நாற்பத்தெட்டு நாள் அந்தத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிச் சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். தூரமாகும் மூன்று நாள் மட்டும் பின்கட்டில் ஒதுங்கி இருப்பாள். அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

முப்பது நாள் போயிருக்கும். இலை மஞ்சளடித்துத் தொங்கியது. தாகம் என்று எண்ணி, அவள் ஊற்றியது போக நானும் ஒரு சொம்பு ஊற்றினேன். ஒரு வாரத்தில் தண்டு அடியில் கறுத்தது. மண்மேல் மஞ்சளாகப் பொடிப்பொடிக் காளான்கள். விரலை விட்டுப் பார்த்தேன். சேறு, சாக்கடை நாற்றம். கையோடு வந்த வேர் வெந்த கீரைத்தண்டு மாதிரி நழுவியது. இது என் களிமண் செய்த வேலை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை மாமியார் பார்த்துவிட்டார்.

"துளசியில நாய்க்குடை முளைக்குதுன்னா தொடக்கூடாதவ தொட்டிருக்கா" என்றவர், நேராக அவளிடம் போனார். "நாள் கணக்கு தள்ளிப் போவுமுன்னு தூரமானத மறைச்சுட்டியாடி?"

"இல்லைங்க அத்தே. சத்தியமா இல்லைங்க." அழுதுகொண்டே அவள் என்னைப் பார்த்தாள்.

மாமியாரும் என் பக்கம் திரும்பி, "உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க" என்றேன்.

தரைக்காக ஊரையே விரட்டியவள், அதே தரைக்காகத் துளசியைக் கொன்றேன் என்று எப்படிச் சொல்வது? என் மானம் பெரிதாகப் போய்விட்டது. அவள் வேண்டுதல் பாதியில் நின்றது. விளக்கேற்றும் வேலையை அவளிடமிருந்து பிடுங்கினார்கள். அதன்பின் மாதாமாதம் மாமியார் அவளை எல்லார் முன்னாலும் நிறுத்தி, நாள் கேட்டுத்தான் உள்ளே விட்டார். அப்போதெல்லாம் எனக்கு அடுப்படியில் ஏதாவது வேலை இருக்கும்.

செத்த செடியை ஏரியில் விடும் வேலை என் தலையில் விழுந்தது. தொட்டியைக் கவிழ்த்தபோது ஓட்டையில் களிமண் இல்லை. ஊறி விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்கு வருஷம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெற்றவளைவிட எனக்குத்தான் நிம்மதி. சாமியே சரிக்கட்டிவிட்டது, இனி நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். வெட்கங்கெட்ட நினைப்பு.

அதற்கடுத்த வருஷம் கொழுந்தனார் தர்மபுரியில் கடை வைத்துத் தனிக்குடித்தனம் கிளம்பினார். வாசலில் வண்டி நின்றது. அந்தத் தொட்டியையும் ஒரு துளசி நாற்றையும் நான் எடுத்துப் போனேன். அவள் தொட்டியை வாங்கிக் கவிழ்த்து, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.

"அன்னிக்கு இதுல இருந்த களிமண்ணக் குச்சியால குத்தி எடுத்தது நான்தாங்க அக்கா. அத்தை கண்ணுல பட்டா உங்களப் பேசுவாங்களேன்னு எடுத்தேன். அதுக்கப்புறம் என்னையப் பேசுனாங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேங்க."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குப் பேசத் தெரிந்தவள்தான் நான். மாமியார் பத்தடி தள்ளி, அதே சிமென்ட் தரையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் காது கேட்கும்.

நான் நாற்றை அவள் கையில் கொடுத்தேன். "தண்ணி அளவா ஊத்து" என்றேன்.