விமானம் ஏறிய வில்லுப்பாட்டுக் குடம்

1. சோதனை வரிசை

“சேட்டா, இதில் எந்தா?” என்று பாதுகாப்புச் சோதனையில் நின்ற அதிகாரி குடத்தைக் காட்டி மலையாளத்தில் கேட்டார்.

“தண்ணி சார்.”

“எத்ர உண்டு?” எவ்வளவு என்கிறார்.

“ஒரு குடம் உண்டு.”

நான் அவரைக் கிண்டல் செய்வதாக நினைத்துவிட்டார். எனக்கு அந்தத் தைரியம் எந்த நாளும் கிடையாது. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். என் பின்னால் நின்ற வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. போதாததற்கு, மண்குடம் வழி நெடுகக் கசிந்து என் பேண்ட்டின் முன்பக்கம் முழுக்க ஈரம். அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவன் நான். பகலில் ரப்பர் பால் வெட்டு. கோவில் கொடைவிழா வந்தால் குடம். மஸ்கட்டில் வேலை செய்யும் நம் பக்கத்து ஆட்கள் இரண்டாவது முறையாக எங்கள் குழுவை அழைத்திருந்தார்கள். புதிதாகக் குடம் அடிக்க வரும் தம்பிகள் வெளிநாட்டுப் பயணம் என்றால் ஏதோ சுகம் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. குடத்துக்கு ஒரு டிக்கெட்

வில்லைப் பற்றிக் கவலை இல்லை. இப்போதெல்லாம் வில் மூன்று துண்டாகக் கழலும். மணிகளை அவிழ்த்துத் துணியில் சுற்றினால் பெட்டியோடு போய்விடும். உடுக்கையும் அப்படியே. குடத்தை எங்கே கழற்றுவது?

முதல் முறை போனபோது பெட்டிகளோடு போட்டோம். உடையும் பொருள் என்று ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டினார்கள். அங்கே போய் இறக்கியபோது ஸ்டிக்கர் மட்டும் முழுசாக இருந்தது. அவசரத்துக்கு அங்கே ஒரு தண்ணீர்ப் பானை வாங்கினோம். அதன் சுருதி எங்கேயோ மேலே நின்றது. உடுக்கைத் தோலை இழுத்துக் கட்டிச் சுருதி சேர்க்கலாம், மண்ணை என்ன செய்ய முடியும்? பாட்டை நடத்தும் அண்ணாவி அந்தப் பானையின் உயரத்துக்கே தொண்டையைக் கிழித்துப் பாடினார். பாதிக் கதையில் குரல் அடைத்து நிகழ்ச்சி நின்றுபோனது.

இந்த முறை அண்ணாவியின் குரலுக்குப் பொருந்திய எங்கள் சொந்தக் குடமே வரவேண்டும் என்று அழைத்தவர்கள் அதற்கும் ஒரு சீட்டு எடுத்திருந்தார்கள். “இந்தத் தடவையும் பாட்டு நின்னுதுன்னா பெறகு ஆரும் கூப்பிடமாட்டாவ, கேட்டியா?” என்று அண்ணாவி என்னிடம் தினமும் சொன்னார். பொறுப்பு முழுவதும் என் மடியில் வந்து உட்கார்ந்தது.

3. வெறுங்குடம் ஆகாதாம்

பாறசாலையில் அண்ணாவி வீட்டிலிருந்து வேன் புறப்பட்டது. நான் குடத்தோடு படி இறங்கும்போது அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மைனி, வழியை மறித்துவிட்டார்.

“எலே, வெறுங்குடத்தத் தூக்கிக்கிட்டா கடல் தாண்டப் போறிய? நல்ல காரியத்துக்குப் போவும்போ நெறகுடமாக்கும் போவணும்.”

“மைனி, தண்ணி பட்டா சத்தம் போவும்” என்றேன்.

அதற்குள் கிணற்றுத் தண்ணீர் ஒரு வாளி உள்ளே போய்விட்டது. மேலே இரண்டு துளசி இலை வேறு.

அமரவிளை வந்ததும் வேனை நிறுத்தச் சொன்னேன். “ஊத்திரலாமா அண்ணாவி?”

“பாதி வழியில கொட்டுனா போற காரியமும் பாதியிலல்லா நிக்கும். ஏர்போர்ட்டுல பாத்துக்கிடலாம், மக்கா.”

ஏர்போர்ட்டில் என்னத்தைப் பார்த்தார்? வில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு அவர் பாட்டுக்குக் கைவீசி முன்னே போய்விட்டார். டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் குடத்துக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டாரே தவிர, குடத்துக்குள் என்ன என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்கிற இடம் சோதனை வரிசையில்தான் வந்தது. திரும்ப வெளியே போய்க் கழிப்பறையில் கொட்டிவிட்டு, மறுபடியும் வரிசையின் கடைசியில் நின்றேன். குடம் ஊறிக் கறுத்திருந்தது.

4. ஜன்னலோர சீட்டு

குடத்துக்கு ஜன்னலோரம், எனக்கு நடு சீட்டு. குடத்துக்குப் பெல்ட் போட்டுவிட்டார்கள். இந்தப் பக்கம் பூவாரைச் சேர்ந்த ஒரு பெரியவர். கொஞ்ச நேரம் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஆருக்க அஸ்தி, தம்பி?”

நான் குடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

“இல்ல, அஸ்திய அங்க இருந்துல்லா இங்கோட்டுக் கொண்டு வருவாவ. நீங்க என்னடான்னா அங்கோட்டுக் கொண்டு போறிய?”

“இது வில்லுப்பாட்டுக் குடம்” என்றேன். அவர் நம்பவில்லை. இறங்கும்போது என் தோளில் தட்டி, “மனச விட்டுராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

5. வண்டிக்குள் வெயில்

மஸ்கட்டில் ஹோட்டல் அறைக்குப் போனதும் குடத்தைத் தட்டினேன். ‘கிண்’ என்று வரவேண்டியது ‘தொப்’ என்று வந்தது. அண்ணாவி ஓடி வந்தார்.

“எலே, கொடத்துக்குச் சளி பிடிச்சிருக்கா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் சாயங்காலம் பாட்டு. ஹோட்டல் மொட்டை மாடிக்குப் போக அனுமதி இல்லை என்றார்கள். தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கேட்டு வாங்கிப் பிடித்தேன். அது சூடாகித் தானே நின்றுவிட்டது. கடைசியில் எங்களை அழைத்துவந்தவரின் காரை வெயிலில் நிறுத்தி, குடத்தைப் பின் சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினோம். ஒரேயடியாகச் சூடேறினால் விரிசல் விழும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து, குடத்தைத் திருப்பி வைத்துவிட்டு, நானும் அந்த வெயிலிலேயே நின்றேன். அண்ணாவி ஏசி அறையில் தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

மேடை ஏறும்போது குடத்தின் கறுப்புப் போயிருந்தது. விரிசல் இல்லை. ஆனால் உள்ளே ஈரம் மிச்சம். சுருதி வழக்கத்தைவிடத் தாழ்ந்து நின்றது. முதல் தட்டிலேயே அண்ணாவிக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒருமுறை முறைத்தார். வேறு வழியில்லாமல் அவரும் இறங்கி, அந்தச் சுருதியிலேயே காப்புப் பாட்டைத் தொடங்கினார். தொண்டைக்குச் சிரமமே இல்லை. கதை முடிந்து வாழி பாடும்வரை குரல் ஒரே சீராக ஓடியது. ஜனங்கள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படியொரு குரலைக் கேட்டதில்லை என்றார்கள்.

“நாட்டு மருந்து எடுத்தேனாக்கும்” என்றார் அண்ணாவி.

குடத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் திரும்பிவரும்போது என்னால் அடக்க முடியவில்லை. “அண்ணாவி, இனி குடத்துல தண்ணி ஊத்துனா நான் வரமாட்டேன்.”

“ஊத்துனா சத்தம் போவும்னு நீ அன்னைக்கு வீட்டு வாசல்லயே சொல்லியிருக்கப்பிடாதா?”

“சொன்னேன்லா!”

“எனக்குக் கேக்கல. மைனிக்கும் கேட்டிருக்காது. சத்தமாட்டு சொல்லணும், மக்கா.”

தம்பிகளே, குடம் அடிக்க எப்படியும் பழகிவிடுவீர்கள். அதற்கு முன்னால் சத்தமாகச் சொல்லப் பழகுங்கள்.