தோட்டத்து விளக்கு எரியாத சாயங்காலம்

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் சீரியல் லைட்டு கட்டிய அன்று, பொழுது சாய்ந்ததும் முதல் ஆளாக வந்தவர் அடுத்த வீட்டு மதினி. அவர் எனக்கு மதினி, நான் அவருக்கு மதினி. உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். முகம் சரியில்லை.

"ஏன் மதினி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா? என்ன விசேஷம்?"

பரளச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே ஒரு வீட்டில் சீரியல் லைட்டு எரிந்தால் அந்த வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, இல்லையென்றால் கோயில் பொங்கல். காரணமே இல்லாமல் ஒருத்தி தன் முருங்கை மரத்துக்கு லைட்டு கட்டுவாள் என்பது யார் புத்திக்கும் எட்டாது. விசேஷமும் இல்லை ஒன்றும் இல்லை, இது சோலார் லைட்டு, மகன் வாங்கி அனுப்பினான் என்று எவ்வளவோ சொன்னேன். மதினி நம்பவில்லை. பந்தல்காரன் எவனையாவது உள்ளே ஒளித்து வைத்திருக்கிறேனா என்று எட்டி எட்டிப் பார்த்தார்.

தோட்டத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர்தான் அவரைச் சமாதானப்படுத்தினார். "எனக்குத்தான், தங்கச்சி, ரெண்டாங்கல்யாணம். பொண்ணுதான் இன்னும் அமையல. அமைஞ்சதும் மொதல்ல உனக்குத்தான் சொல்லுவேன்."

மதினி சிரித்துவிட்டார். "அண்ணனுக்கு வயசுதான் ஆகுது, வாயி கொறையல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லைட்டு வேண்டுமென்று கேட்டவள் நான். அழகுக்காகக் கேட்கவில்லை, பயத்துக்காகக் கேட்டேன். எங்கள் வீட்டில் குளியலறையும் கக்கூஸும் தோட்டத்தின் கடைசியில் இருக்கின்றன. நடுவில் முருங்கை, கறிவேப்பிலை, நந்தியாவட்டை, ஒரு மல்லிகைப் பந்தல். போன கோடையில் மல்லிகைத் தூரில் பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை.

நான் பயந்த சுபாவம். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்து படுத்தாலும் எழுந்துபோய் மறுபடி மூடிப் பார்ப்பேன். வேளைகெட்ட வேளையில் போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே அழுகைக்குத் தயாராகிவிடுவேன். பஸ்ஸில் டிரைவர் கொட்டாவி விட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாமா என்று யோசிப்பேன். அதனால் என் பயத்துக்கு வீட்டில் மரியாதை கிடையாது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகனிடம் எதையாவது சொன்னால், "எம்மா, நீ எதுக்குப் பயப்படலன்னு சொல்லு, அதைக் கேட்டுக்கிறேன்" என்பான்.

அப்படிச் சொன்னவன்தான் லைட்டையும் அனுப்பினான். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புத் தகடு. அதைக் குச்சியில் மாட்டி வெயில் படுகிற இடத்தில் நட வேண்டும். கரண்டு பில் கிடையாது, சுவிட்சும் கிடையாது. பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொண்டு இருட்டியதும் தானாக எரியும். எங்கள் பக்கத்தில் வேறு எதற்குப் பஞ்சமென்றாலும் வெயிலுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

என் வீட்டுக்காரர்தான் ஏணி போட்டுக் கட்டினார். கட்டிய கிளையிலேயே மறுபடியும் சுற்றிக் கட்டினார். கையிலிருந்து நழுவிய ஆணி அவர் காலடியிலேயே கிடந்தது, அதைத் தோட்டம் முழுக்கத் தேடினார்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுச் செய்ங்களேன்" என்றேன்.

"போட்டுத்தான இருக்கேன்" என்றார்.

அப்போதே என் மனதில் ஒன்று தைத்தது. இவருக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. வருடம் ஒரு தடவை கண்ணைக் காட்டச் சொல்லி டவுன் டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். இவர் ஒரு தடவைகூடப் போகவில்லை.

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு உரக்கடை இருக்கிறது. விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் உண்டு. காலையில் மொபெட்டில் போனாரென்றால் சாயங்காலம்தான் திரும்புவார். அந்த ரோட்டில் பாதித் தூரத்துக்கு விளக்கு கிடையாது. வெள்ளைக் கோடு அழிந்துபோன ஸ்பீடு பிரேக்கர், பட்டிக்குத் திரும்புகிற ஆட்டு மந்தை, எதிரே கண்ணைக் கூசவைத்துக்கொண்டு வருகிற லாரி. லைட்டு கட்டிய பிறகு எனக்குப் புதிதாக ஒரு பாடு வந்து சேர்ந்தது. தோட்டத்து விளக்கு எரிவதற்குள் மொபெட் சத்தம் கேட்டால் அன்றைக்கு நிம்மதி. விளக்கு எரிந்த பிறகும் கேட்கவில்லையென்றால் அடுப்பை அணைத்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்துவிடுவேன். பாம்புப் பயத்துக்காக வாங்கியதைப் பார்த்தபடி நான் ரோட்டுக்குப் பயந்துகொண்டு நிற்பேன்.

ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்ததும் ஊரே விதைப்பில் இறங்கியது. மக்காச்சோளம், பருத்தி, உளுந்து. உரக்கடைக்கு இதுதான் காலம். மற்ற வருடங்களில் இந்த மாதத்தில் இவர் சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருப்பார். இந்த வருடம் வெளிச்சம் இருக்கும்போதே கடையைப் பூட்டிவிட்டு வரத் தொடங்கினார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் விதைப்பு நேரத்தில் சீக்கிரம் வீடு திரும்புகிற உரக்கடைக்காரரை நான் எங்கேயும் பார்த்ததில்லை. முதலில் நெஞ்சுவலியாக இருக்குமோ என்று நினைத்துத் தினமும் பூண்டுக் குழம்பு வைத்தேன். ஏன் என்று கேட்காமல் சாப்பிட்டார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. செம்பிலிருந்து ஊற்றும் தண்ணீர் டம்ளருக்கு வெளியே விழுந்தது. மொபெட்டின் ஒரு பக்கம் கேட்டில் உரசிப் பெயிண்ட் போயிருந்தது. பேப்பரை மடித்தபடியே வைத்துவிட்டு, "அதுல என்னத்த எழுதியிருக்கான்" என்றார். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டிட்டு வருவமா? அதுவரைக்கும் பஸ்ஸுல போய்ட்டு வாங்களேன்."

"எனக்கென்ன பொட்டக்கண்ணா?" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

மகனுக்குப் போன் செய்தேன். "எம்மா, போன மாசம் நெஞ்சுன்ன, இப்பக் கண்ணுங்கிற" என்று சிரித்தான். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் பயந்தவளுக்கு இதுதான் தண்டனை. நிஜமாகவே பயப்பட வேண்டியது வந்தபோது என் பேச்சு அம்பலம் ஏறவில்லை. தினமும் அவர் வண்டியை உதைத்துக் கிளப்பும்போது நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அந்த வாரம் மேகம் மூடிக்கொண்டது. மழை விட்டு விட்டுப் பெய்தது, வெயில் தலைகாட்டவே இல்லை. ஊரில் எல்லார் முகத்திலும் வெளிச்சம். எங்கள் பக்கத்தில் மேகத்தைத் திட்டிய ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன். தகட்டை முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்தேன். முதல் நாள் விளக்கு மங்கலாக எரிந்தது. மறுநாள் கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு அணைந்தது. அந்த நாட்களில் இவர் வந்ததும் தோட்டத்துச் சேரில் உட்கார்ந்துகொள்வார். யாரிடமும் பேசுவதில்லை. மதினி கம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வம்புக்கு இழுத்தாலும் பதில் வராது. லைட்டு இருக்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் நாள் இருட்டுகிற நேரம். நான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து கேட்டார்.

"லைட்டு எரிஞ்சிருச்சா?"

"அது எந்நேரமோ எரிஞ்சிருக்கும்" என்றேன், அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல், வாய்க்கு வந்தபடி.

கொஞ்ச நேரத்தில் மகனிடமிருந்து போன் வந்தது. இவர் பேசுவது உள்ளே கேட்டது. "நல்லாருக்கேன்பா. ஆமா, நல்ல மழை. லைட்டா? ஜெகஜோதியா எரியுது. மல்லிகைப் பந்தல் மேல எரியுது பாரு, அது ஒண்ணே போதும். உங்கம்மாவுக்கு இப்ப ஒரு பயமும் இல்ல."

டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தோட்டம் இருட்டாகக் கிடந்தது. ஒரு விளக்குகூட எரியவில்லை. பந்தல் எது, முருங்கை எது என்று எனக்கே தெரியவில்லை.

மகனிடம் விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவருடைய இன்னொரு கை சேரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. போனை வைக்கும்வரை நின்றேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஏங்க, லைட்டு எரியலையே."

அவர் என் பக்கம் திரும்பினார். "எரியலையா?"

"எரியல. வெயிலே இல்லையே, எப்படிச் சார்ஜ் ஏறும்?"

"ஒண்ணுகூடவா எரியல?"

"ஒண்ணுகூட எரியல."

"நெசமாத்தான் சொல்றியா? லைட்டுதான் எரியலையா?"

ஆமாம் என்றேன். அவர் குனிந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. தோளைத் தொட்டேன். தொட்ட கையைப் பிடித்துக்கொண்டார்.

"முந்தாநாளு மங்கிச்சு. நேத்து சுத்தமாத் தெரியல. இன்னைக்கு நீ எரியுதுன்ன. எனக்கு ஒண்ணுமே தெரியல. சரி, முடிஞ்சுபோச்சு, கண்ணு போயிருச்சுன்னு உக்காந்திருந்தேன்."

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. பகலில் வெளிச்சம் இருந்தால் சமாளித்துக்கொள்வாராம். நடுவில் மட்டும் கறுப்பாக ஒன்று மிதக்குமாம். பொழுது சாய்ந்தால் ரோடு எது, ஓரம் எது என்று விளங்காதாம். அதனால்தான் விதைப்பு நேரத்திலும் கடையைச் சீக்கிரம் பூட்டியிருக்கிறார். இத்தனை நாள் அந்த ரோட்டில், அந்த லாரிகளுக்கு நடுவில். நான் வாய்விட்டுத் திட்டினேன்.

காலையில் ஆள் மாறிவிட்டார். குளித்துவிட்டுத் தெளிவாக வந்து நின்றார். "பாதிக்கு மேல மேகத்தோட வேலைதான். லைட்டே எரியலன்னு நீதான சொன்ன. நான்தான் வீணா மனசைப் போட்டுக் கொழப்பிக்கிட்டேன்" என்றார். மொபெட்டை வெளியே எடுத்தார். நான் கேட்டை மறித்து நின்றேன்.

"வழியை விடு. வெயில் அடிக்கட்டும். லைட்டு நல்லா எரியுற அன்னைக்கும் எனக்குச் சரியாத் தெரியலன்னா, நீ சொல்ற எடத்துக்கு வாரேன்" என்றார்.

அவர் இறங்கி வந்தது அவ்வளவுதான். வழியை விட்டேன். அன்று முழுக்கக் கடைக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். வானத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. வெயில் வர வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன். வந்தால் என்ன தெரியப்போகிறதோ என்று அதற்கும் பயந்தேன். அவர் சொன்னது போலவே இருந்துவிட்டால் என்ன, எல்லாம் மேகமாகவே இருந்துவிடட்டுமே என்று ஒரு ஆசை அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் வெயில் வந்தது. எங்கள் ஊர் வெயில்தான், காலையிலேயே உறைத்தது. தகட்டில் ஒட்டியிருந்த கரிசல் சேற்றை ஈரத்துணியால் துடைத்தேன். நிழல் விழாத இடமாகப் பார்த்து நட்டு வைத்தேன். மதியம் போய்ப் பார்த்தேன், மறுபடியும் போய்ப் பார்த்தேன்.

அவர் வெளிச்சத்தோடு வந்து சேர்ந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை. சேரை இழுத்துப் போட்டுத் தோட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். வானம் மங்கி, சுவர் மங்கி, பிறகு ஒரு நொடியில் எல்லா விளக்கும் எரிந்தன. பந்தல் மேலே, முருங்கையில், கறிவேப்பிலையில், ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, கட்டிய முதல் நாள் எரிந்தது போலவே.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மதினி குரல் கொடுத்தார். "மதினி, இன்னைக்குத்தான் உங்க லைட்டு பளிச்சுன்னு இருக்கு."

நான் விளக்கைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எல்லாம் எரியுதா?" என்றார் அவர்.

"எல்லாந்தான் எரியுது."

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மஞ்சளாப் பொகை மாதிரி இருக்கு. லைட்டுன்னு தனியா ஒண்ணும் தெரியல" என்றார். குரலில் கோபமில்லை. "மதுரைக்குக் காலைல மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

"விசாரிக்கிறேன்."

சட்டைப் பையில் கையை விட்டு மொபெட் சாவியை எடுத்தார். என்னிடம் நீட்டினார். கை எனக்கு இடது பக்கமாகத் தள்ளி, நான் இல்லாத இடத்தில் நின்றது. நான் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன்.