சமநிலையை ஒழித்த வருடம்

ஹங்கேரியில் உதைபந்தாட்டத்துக்குச் சமநிலையே வேண்டாம் என்று எவனோ ஒரு புத்திசாலி முடிவெடுத்த வருடத்தில்தான் எனக்கு லண்டன் தமிழ்ச் செய்தி இல்லாமல் போனது. சிரிக்காதீர்கள். எங்கேயோ கிடக்கிற ஹங்கேரிக்கும், ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்றில் மீன் பொரிக்கப் பயந்து வாழ்ந்த எனக்கும் நடுவில் ஒரு வீட்டுக்காரர் இருந்தார்.

அவர் ஹங்கேரிக்காரர். அங்கே ரஷ்ய டாங்கிகள் வந்த குளிர்காலத்தில் எல்லை கடந்து நடந்தே தப்பி வந்தவர். மேல் வீட்டில் தனிக்கட்டை. வீட்டைச் சூடாக்கும் ஹீற்றைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி அவர் பக்கத்துச் சுவரில் இருந்தது. வெளியில் பனி கொட்டும். கீழே நாங்கள் ஜாக்கெற் போட்டுக்கொண்டு சோறு தின்போம். நான் கறி தாளித்தால் மேலிருந்து காலால் தரையில் இடிப்பார். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினால் எப்படித்தான் மணக்குமோ, தடதடவென்று படியிறங்கி வந்து, "நெருப்பு! இது மரவீடு!" என்று கத்தி, தானே ஊதி அணைத்துவிட்டுப் போவார். மாதாவுக்கு ஏற்றிய திரியை வாயால் ஊதுகிற மனுசனை என்னவென்று சொல்வது? இவர், என்னைக் கட்டியவர், மட்டும் "சேர், சேர்" என்று குழைவார்.

"சும்மா இருமப்பா. அகதிக் கேஸ் முடியேல்லை. உந்தாளும் போகச் சொன்னா ஆர் எங்களுக்கு வீடு தருவினம்?"

சரி, நியாயம்தான். ஆனால் ரேடியோ எங்களுடையது. இவர் சவூதியில் வேலை செய்த காலத்தில் வாங்கிய பெரிய சோட்வேவ் ரேடியோ. ஜன்னலால் ஒரு வயரை வெளியே எடுத்துப் பின்வளவு வேலியில் கட்டி வைத்திருந்தோம். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் லண்டன் தமிழ்ச் செய்தி கரகரத்துக்கொண்டு வரும். ஊரில் இந்திய ராணுவம் நின்ற காலம் அது. அம்மாவும் அப்பாவும் எங்கள் சின்னத் தீவில் இருந்தார்கள். போன் கிடையாது, கடிதம் வந்தால் வரும். மற்ற நாட்களில் எனக்கு வேலை. கிழமைக்கு ஒருதரம் அந்தக் கரகரப்பில் எங்கள் தீவின் பெயர் வராவிட்டால்தான் எனக்கு நிம்மதியாகச் சாப்பாடு இறங்கும்.

ஒரு சனிக்கிழமை இவர் செய்திக்கு முன்னால் சும்மா திருகிக்கொண்டிருந்தபோது, ஏதோ தெரியாத பாஷையில் ஒருவன் மூச்சுவிடாமல் கத்தினான். பின்னால் சனத்தின் இரைச்சல். இவருக்கு உடனே முகம் மலர்ந்துவிட்டது. கோயில் மைதானத்தில் பந்தடித்து வளர்ந்த ஆள். "மச் போகுதப்பா!" என்று சத்தத்தைக் கூட்டினார். படியில் காலடி கேட்டது. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் இடுப்பில் சீலையைச் செருகினேன். வந்தவர் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கேட்காமலே எங்களுடைய ஒரே கதிரையில் உட்கார்ந்தார்.

"என் பாஷை" என்றார்.

வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்ட கதை அன்றைக்குத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. அவர்களுடைய முதல்தர அணிகளின் ஆட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்குமாம். ரேடியோக்காரர் ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போவார்கள். தலைநகரத்துப் பச்சைச் சட்டைக்காரர், ஊதாச் சட்டைக்காரர், ராணுவத்துக் கிளப் என்று எல்லாரையும் வீட்டுக்காரர் காறித் துப்பாத குறையாகத் திட்டுவார். அவருக்கு வேண்டியது பட்டியலில் கடைசியில் கிடந்த ஒரு சின்னப் பட்டணத்து மஞ்சள் சட்டை அணி மட்டும்தான். அதிலும் ஒரே ஒரு ஆள். கோல் காப்பவன்.

"கபுஷ்" என்று தன் நெஞ்சில் தட்டினார். அவர்கள் பாஷையில் கோல் காப்பவனுக்கு அதுதான் பெயர். "என் மகன்."

இவ்வளவு காலமும் பிள்ளை இல்லாத கட்டை என்றல்லவா நினைத்திருந்தோம்! தப்பி வரும்போது தாயின் கையில் ஆறு மாதக் குழந்தையாக இருந்தானாம். பிறகு ஒரு தொடர்பும் இல்லை. ஊரிலிருந்து வந்த ஒருவன், உன் பெடியன் தெருவில் பந்து பிடிக்கிறான், நல்ல கெட்டிக்காரன் என்று எந்தக் காலத்திலோ சொல்லியிருக்கிறான். இப்போது ரேடியோவில் அதே பெயர் வருகிறது. அவருடைய குடும்பப் பெயரும், அவர் தன் வாயால் பிள்ளைக்கு வைத்த பெயரும். அவர்களும் குடும்பப் பெயரைத்தான் முன்னால் சொல்வார்கள்.

"எங்கட மாதிரித்தான்!" இவர் துள்ளினார். "தகப்பன்ரை பேர் முன்னாலை நிக்குது. பிறகென்ன சாட்சி வேணும், சேர்?"

நானும் தலையாட்டினேன். எங்கள் ஆட்களுக்கு அதில் சந்தேகமே வராது. தகப்பன் செத்தாலும் ஓடினாலும் குடித்து அழிந்தாலும் அவன் பெயர் பிள்ளைக்கு முன்னால் நிற்கும். அதைக் கழற்றி வைக்கலாம் என்று எனக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிய விருப்பமில்லை.

இனி அந்தச் சமநிலைக் கதைக்கு வாறேன். அந்த வருடம் அங்கே ஆட்டம் சமமாக முடிந்தால் விடமாட்டார்கள். பெனால்ற்றி அடித்து, யாராவது ஒருவன் தோற்றே ஆக வேண்டும். ஆட்டம் நடக்கும்போது கோல் காப்பவனின் பெயர் எப்போதாவதுதான் ரேடியோவில் வரும். பெனால்ற்றி என்றால் ஒவ்வொரு அடிக்கும் வரும். அதனால் வீட்டுக்காரர் வெற்றிக்கு வேண்டிக்கொள்ளவில்லை, சமநிலைக்கு வேண்டினார். நானோ எவனாவது வென்று தொலையட்டும் என்று மாதாவிடம் மன்றாடினேன். ஏனென்றால் ஆட்டம் ஒழுங்காக முடிந்தால் செய்தியின் முக்கால்வாசியாவது எனக்குக் கிடைக்கும். பெனால்ற்றி என்றால் அவ்வளவும் போச்சு.

அவருடைய மாதாதான் பெரியவள். மஞ்சள் சட்டைக்காரர் சமநிலைக்கென்றே பிறந்தவர்கள்.

அப்படி ஒரு பெனால்ற்றிச் சனிக்கிழமை. நான் ரேடியோவுக்குக் கிட்டப் போய், "சேர், பிளீஸ், ஐந்து நிமிடம்" என்று கேட்டேன். என் கையைத் தட்டிவிட்டார். "உங்கள் சண்டை நாளைக்கும் இருக்கும்" என்றார். இவர் நிலத்தைப் பார்த்தார். அன்றைக்குப் பிள்ளை இரண்டு அடியைப் பிடித்தானாம். கிழவர் எழும்பி இவரைக் கட்டிப்பிடித்து அழுதார்.

மறுகிழமை பூசை முடிந்து வெளியே வர, தெரிந்த ஒரு அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் தீவு இறங்குதுறையில் சுட்டிருக்கிறார்கள். என் பெரியப்பா போய்விட்டார். "பிள்ளை, போன சனி லண்டன் செய்தியிலை சொன்னவங்களே! நீர் கேக்கேல்லையோ?"

நான் வீட்டுக்கு வந்து கத்திய கத்தில் இவர் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். "நாசமாப் போவான்! அவன்ரை பிள்ளை பந்து பிடிக்க என்ரை பெரியப்பா செத்தது எனக்குத் தெரியேல்லை! அந்தப் பிள்ளை அவனுக்கு இல்லாமப் போக!" மேலே கேட்டிருக்கும். தமிழ் விளங்காதது அவருடைய அதிர்ஷ்டம்.

கடைசி ஆட்டமும் பெனால்ற்றியில்தான் முடிந்தது. இந்தமுறை பிள்ளை ஒன்றையும் பிடிக்கவில்லை. மஞ்சள் சட்டை கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் இரண்டு நாள் ஹீற்றைத் தொடவில்லை. சித்திரை போயும் குளிர் விடவில்லை, நாங்கள் விறைத்தோம். மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டு இறங்கி வந்தார். இப்போது அங்கே எல்லாருக்கும் வெளிநாடு போகப் பாஸ்போட் கொடுக்கிறார்களாம். அந்தக் கிளப் கோடையில் ரொறன்ரோவுக்கு வந்து இங்கத்தைய ஹங்கேரிக்காரரோடு விளையாடப் போகிறதாம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தைப் பார்க்க வேண்டும். மேலே ஒரு அறைக்கு நீலப் பெயின்ற் அடித்தார். கட்டில் வாங்கினார். முப்பத்து மூன்று வயது ஆம்பிளைக்குச் சின்னப் பிள்ளையின் படுக்கை விரிப்பு, பந்துப் படம் போட்டது. போற வாற ஆட்களிடம் எல்லாம் மகன் வருகிறான் என்றார். ஆட்டத்துக்கு முதல்நாள் என்னிடம் வந்து வெட்கத்தோடு நின்றார்.

"அந்தக் கோழி" என்றார். "அந்தச் சிவப்பு. எங்கள் ஊர்ச் சாப்பாடு போல மணக்கும். சமைத்துத் தருவாயா?"

தரையில் காலால் இடித்ததன் காரணம் அதுதான். அந்த மணம் அவருக்கு நெஞ்சைக் கிளறியிருக்கிறது, அதற்குத்தான் இடித்திருக்கிறார். சமைத்தேன். வாய்க்கு வஞ்சகம் செய்யாமல் நன்றாகத்தான் சமைத்தேன்.

அவருடைய காரில் போனோம். கறிச்சட்டி என் மடியில். மைதானத்தில் மஞ்சள் சட்டைக்காரர் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். கோல் காப்பவன் நெடிய, பரந்த தோளுள்ள ஆள். வீட்டுக்காரரோ என் உயரம். இவர் வீட்டுக்காரரின் முதுகில் தட்டி, "போங்கோ சேர், போங்கோ" என்று தள்ளிவிட்டார்.

நாங்கள் தூரத்திலிருந்துதான் பார்த்தோம். கிழவர் கோலுக்குப் பின்னால் போய் அவனைக் கூப்பிட்டார். கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். அவன் குனிந்து கேட்டான். இல்லை என்று தலையை ஆட்டினான். பிறகு சிரித்தான். மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல, அவர்களும் சிரித்தார்கள். ஒருவன் கிழவரின் தலைமயிரைக் கலைத்துவிட்டான். ஒரு கமராவைக் கொண்டுவந்து அவரை நடுவில் நிறுத்திப் படம்கூட எடுத்தார்கள். அவரும் படத்துக்குச் சிரித்தார். கடைசியில் அணியோடு வந்த, உடம்பு பிடித்துவிடுகிற வயதான ஒருவர் அவருடைய முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய் நெடுநேரம் கதைத்தார்.

ஆட்டம் தொடங்க முதலே நாங்கள் திரும்பிவிட்டோம். காருக்குள் கறி மணம். இவர் மெல்ல, "என்ன நடந்தது, சேர்?" என்றார்.

அவர் வீதியைப் பார்த்தபடியே சொன்னார். அந்தக் கோல் காப்பவனுக்குத் தகப்பன் இருக்கிறார், பன்றி வளர்க்கிறார், முந்தாநாள் பஸ் நிலையத்துக்கு வந்து வழியனுப்பினார். அந்தப் பெயர் அந்தப் பக்கத்தில் நாலு வீட்டுக்கு ஒன்று. உடம்பு பிடிக்கிறவர்தான் வீட்டுக்காரரின் சொந்த ஊர்க்காரர். பெண்சாதியைத் தெரியும், மகனையும் தெரியும். அவள் மறுகலியாணம் செய்து, பிள்ளை நடக்க முதலே இரண்டாம் புருசனின் பெயரை வைத்துவிட்டாள். மகன் பந்தை உதைத்ததே கிடையாது. பள்ளிக்கூட வாத்தியார்.

"அது எப்பிடித் தகப்பன்ரை பேரை மாத்தலாம்?" இவர் தமிழிலேயே கத்திவிட்டார். நான் தொடையில் கிள்ளினேன்.

"அவனுக்கு என் பெயர் தேவையில்லை" என்றார் வீட்டுக்காரர், கேள்வி விளங்கியவர் போல. "தகப்பன் செத்துவிட்டான் என்று அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். எல்லையில் சுட்டுக் கொன்றார்கள் என்று. இந்தக் கோடையில்தான் அங்கே டாங்கிகள் வந்த வருடம் செத்தவர்களைப் பற்றி வாய்விட்டுப் பேசுகிறார்கள். என் மகன் ஊர் மண்டபத்தில் எழும்பி நின்று என்னைப் பற்றிப் பேசினானாம். எல்லாரும் அழுதார்களாம்." கொஞ்ச தூரம் போன பிறகு, "அவனுக்கு நல்ல தகப்பன் இருக்கிறான், அதைக் கெடுக்காதே என்று சொன்னான் அந்த மனுசன்" என்றார்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வீட்டுக்காரருடைய பிள்ளை தானேதான் வளர்ந்திருக்கிறான். எனக்குப் பாவமாக இருந்தது. நெஞ்சுக்குள் ஒரு மூலையில் வேணும், நல்லா வேணும் என்றும் இருந்தது. இரண்டும் உண்மை. கோழிக்கறியை நாங்கள் இருவரும் மூன்று நாள் வைத்துத் தின்றோம்.

ஆவணியில் அங்கே புது வருட ஆட்டங்கள் தொடங்கியிருக்கும். அவர் இறங்கி வரவில்லை. லண்டன் செய்தி எனக்கு முழுதாகக் கிடைத்தது. நீல அறையின் கதவு பூட்டியே கிடந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி செத்த ஆத்துமாக்களின் திருநாள். ஊரில் என்றால் சேமக்காலையில் கல்லறை தவறாமல் திரி எரியும். நான் வேலைக்குப் போக முதல், கீழே மாதா படத்தடியில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினேன். ஒன்று இவருடைய அப்பாவுக்கு, மற்றது பெரியப்பாவுக்கு. தடதடவென்ற சத்தம் கேட்கவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். ஊத வந்தால் இன்றைக்கு ஆளைக் கொல்லுவேன் என்று திரும்பி நின்றேன்.

அவர் ஊதவில்லை. அங்கேயும் இன்றைக்குக் கல்லறைகளில் கொளுத்துவார்கள் என்றார். திரிகளைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் ஒன்று கொளுத்துவாயா?" என்று கேட்டார்.

பெட்டியில் திரி இருந்தது. பெரியப்பாவின் திரி என் கண்ணுக்கு முன்னால் எரிந்தது.

"உங்களுக்கு அங்கே மகன் கொளுத்துவான்" என்றேன். "இங்கே எதற்கு?"

மனுசன் முகம் கோணவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார், அங்கே பின்னேரம் என்று விரலால் கணக்குப் பார்த்தார்.

"ஓம். கொளுத்தியிருப்பான்" என்றார். "நல்ல பிள்ளை."

பிறகு மேலே போய், வழக்கம்போல ஹீற்றைக் குறைத்துவிட்டார்.