மஞ்சள் தட்டில் ஷோபனா

ஷோபனாவின் மேசையில் மூன்று தட்டுகள் உண்டு. பச்சை, நல்ல பாகங்களுக்கு. சிவப்பு, கழிவுக்கு. மஞ்சள், இரண்டிலும் சேர்க்க முடியாதவற்றுக்கு. அதற்குச் சந்தேகத் தட்டு என்று பெயர். ஷிப்ட் முடிவதற்குள் சந்தேகத் தட்டு காலியாக வேண்டும் என்பது அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தச் சிறிய கம்பெனியின் சட்டம். ஆறு வருடங்களில் ஷோபனா அதில் ஒரு துண்டைக்கூட மிச்சம் வைத்ததில்லை.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு கொரட்டூருக்குத் திரும்பிய எனக்கு, கம்பெனியின் தரத்தைச் சோதிக்கும் ஆடிட்டுக்கான காகிதங்களை டைப் செய்யும் வேலை அங்கே இரண்டு மாதத்துக்குக் கிடைத்தது. அப்படித்தான் அவளைத் தெரியும்.

இரும்புத் துண்டின் துளைக்குள் கேஜ் என்னும் எஃகுக் கட்டையை விட்டுப் பார்ப்பது அவள் வேலை. கேஜின் ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. யாராவது கண்ணால் பார்த்தே நல்லது கெட்டது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வேப்பம்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருவாள். முறுக்கின் விட்டம் போன வாரத்தைவிடச் சுருங்கிவிட்டது என்று ரயிலில் விற்பவரோடு சண்டை போட்டு, பையிலிருந்து ஸ்கேலை எடுத்துக் காட்டியவள்.

ஆடிட்டுக்கு முந்தைய நாள் அவள் நல்ல துண்டுகளைச் சிவப்புத் தட்டில் போட்டாள். டீ கொண்டுவந்த கேன்டீன் அங்கம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமே, மூஞ்சி வெளிறிக்கீது?"

"ஆடிட் டென்சன்கா."

"நாள் தள்ளிக்கீதா?"

ஷோபனா சுற்றிலும் பார்த்தாள். "பன்னெண்டு நாள். போன ஆடிட்டுக்கும் எட்டு நாள் தள்ளிச்சு."

பக்கத்து மேசையில் உட்கார்ந்து துண்டுகளைச் சோதிக்கும் காவ்யாவுக்கு ஐந்து மாதம். கர்ப்பமான பெண்கள் மட்டும் உட்காரலாம் என்பதால், சோதனை மேசைகளுக்கென்று இருந்த ஒரே ஸ்டூல் அவளிடம் இருந்தது. அவள் உடனே ஒரு காகிதத்தில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் 'டென்சன்', அந்தப் பக்கம் 'கர்ப்பம்' என்று எழுதினாள்.

"வாந்தி வர்தா?" என்றார் அங்கம்மா.

"டீ வாசனைக்கே குமட்டுது. ஆடிட்டுன்னாலும் குமட்டும்."

காவ்யா இரண்டு பக்கமும் டிக் அடித்தாள்.

"தூக்கம்?"

"நின்னுகிட்டே வருது. நைட்டுதான் வர்றதில்ல."

இரண்டு பக்கமும் டிக்.

"மார்ல வலி கீதா?"

"நாள் வர்றதுக்கு முன்னாடி எப்பவும் இருக்கும்கா."

சிறுநீர், தலைசுற்றல், காரணமில்லாத அழுகை, முறுக்குக்காரர் மேல் வந்த கோபம் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் டிக் விழுந்தது. ஷோபனா காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கசக்கினாள்.

"இது கண்ணால பாத்துச் சொல்ற ஐட்டம் இல்ல. கேஜ் போட்டாதான் தெரியும்."

"அப்ப மெடிக்கல்ல கிட் வாங்கிக்கினு வந்து பாரேன்."

"அந்த கேஜை நான் நம்பமாட்டேன்."

அவள் நம்பாததற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி நான்கு வருடம். வீட்டில் ஒன்பது கிட் பார்த்தாயிற்று, எட்டில் கர்ப்பமில்லை என்னும் ஒரே கோடு. ஒன்பதாவதைக் காலையில் போட்டு, சாயங்காலம் வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தது. மாமியாரிடம் சொன்னாள். அவர் தெரு முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் மாதவிடாய் வந்துவிட்டது. அதன் பிறகு ஷோபனா ரயிலுக்குச் சுற்று வழியில்தான் போனாள். பத்தாவது தடவையும் பொய்யாகப் போனால் தாங்காது என்று கணவர் உதயகுமாரிடம்கூட நாள் தள்ளியதைச் சொல்லவில்லை.

"கேஜை நம்பலைன்னா மாஸ்டர் வெச்சு செக் பண்ணணும்" என்றாள் காவ்யா.

மாஸ்டர் என்றால், நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு துண்டும், கெட்டது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு துண்டும். இரண்டையும் சரியாகப் பிரிக்கிற கேஜைத்தான் நம்பலாம். ஷோபனா முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகக் களை வந்தது.

மறுநாள் காலை கேஜ் ரூமில் மூன்று கிட், மூன்று பேப்பர் கப். ஓகே மாஸ்டர் காவ்யா. நாட் ஓகே மாஸ்டருக்கு அங்கம்மா முன்வந்தார்.

"எனக்கு அம்பத்தாறு வயசு. நின்னு போயி ஏழு வருசம் ஆவுது."

"சந்தேகமே இருக்கக் கூடாதுக்கா" என்றாள் ஷோபனா. எல்லோரும் சூப்பர்வைசர் சம்பத்தைப் பார்த்தோம்.

சம்பத் சார் நல்லவர். மாஸ்டர் விதியை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ஆடிட்டர் ஷோபனாவின் மேசைக்குப் பதினொன்றுக்கு வருவார். அதற்குள் அவள் தெளிய வேண்டும். கப்பை வாங்கிக்கொண்டார்.

"எங்க ஊட்ல சொல்லிடாதீங்கமா."

காவ்யாவுக்கு இரண்டு கோடு, பச்சைச் சீட்டு. சம்பத் சாருக்கு ஒரே கோடு, சிவப்புச் சீட்டு. அதைப் பார்த்து அவர் பெருமூச்சு விட்டதை நான் கவனித்தேன். மூன்றாவது கிட்டில் ஷோபனாவே மூன்று சொட்டு விட்டு, மஞ்சள் சீட்டில் '10.52' என்று எழுதிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

அப்போது ஆடிட்டர் ஜெகதாம்பாள் உள்ளே வந்தார். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் அளவுக்கருவிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை.

"இது என்ன கேஜ்? லிஸ்ட்ல இல்லையே?"

ஆடிட்டில் பொய் சொல்ல ஷோபனாவுக்கு வராது. "கர்ப்பம் பாக்குற கேஜ் மேடம்."

ஜெகதாம்பாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மாஸ்டர் செக் பண்ணியாச்சா?"

"ஆச்சு மேடம். ஓகே மாஸ்டர் காவ்யா. நாட் ஓகே மாஸ்டர் சம்பத் சார்."

ஜெகதாம்பாள் சம்பத் சாரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவர் விறைப்பாக நின்றார்.

"சரியான தேர்வு. மூணாவது யாரோடது?"

"என்னோடது மேடம்."

ஜெகதாம்பாள் சீட்டையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். "மணி பத்து அம்பத்தாறு. அஞ்சு நிமிஷத்துல படிக்கணும். நேரம் கழிச்சுப் பாத்தா காய்ஞ்ச தடம்கூடக் கோடு மாதிரி தெரியும். ஏன் இன்னும் படிக்கலை?"

"பயமா இருக்கு மேடம்."

"ஆபரேட்டர்தான் ரீடிங் எடுக்கணும். திரும்பு."

ஷோபனா திரும்பினாள். குனிந்தாள்.

"ரெண்டு மேடம். ரெண்டாவது லேசா இருக்கு. லேசா இருந்தா சந்தேகத் தட்டுதானே?"

"நேரத்துக்குள்ள வந்த கோடு லேசா இருந்தாலும் கோடுதான். டாக்டர்கிட்ட ரத்தம் குடுத்து உறுதி பண்ணிக்கோ."

ஷோபனா மஞ்சள் சீட்டைக் கழற்றினாள். பச்சையை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. சிவப்புத் தட்டை இழுத்து அதில் வாந்தி எடுத்தாள்.

"இது டென்சனா, அதுவா?" என்றார் அங்கம்மா.

"ரெண்டுக்கும் டிக் போடுக்கா" என்று சொல்லிவிட்டு, தட்டைப் பிடித்தபடியே அழுதுகொண்டு சிரித்தாள்.

ஜெகதாம்பாள் ஒரு குறை எழுதினார்: பட்டியலில் இல்லாத கருவி பயன்பாட்டில் உள்ளது.

இந்தத் தடவை ஷோபனா மாமியாரிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை உதயகுமாரோடு போய் ரத்தம் கொடுத்தாள். திங்கட்கிழமை ரிசல்ட் தாளை நேராக என் மேசைக்குக் கொண்டுவந்து காட்டினாள். நான் குறைக்கான பதிலை டைப் செய்துகொண்டிருந்தேன். 'எடுத்த நடவடிக்கை' என்ற இடத்தில், சம்பத் சார் சொன்னபடி, 'இன்னொரு ஸ்டூல் வாங்கப்பட்டது' என்று அடித்திருந்தேன். அடுத்த கட்டம்: 'மீண்டும் நிகழாமல் இருக்க என்ன செய்தீர்கள்?'

"இதுக்கு என்னக்கா போடறது?" என்று ஷோபனாவைக் கேட்டேன்.

அவள் புது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கால்களை நீட்டினாள்.

"அது காலியாவே இருக்கட்டும்."