இரண்டாவது பதில்

டிராகனுக்குத் தீனி போடுகிறவன் செத்துப்போய்விட்டான். குற்றம் யார்மீது என்று கோட்டைப் பிரபு கேட்கிறார். திரையின் அடியில் மூன்று பதில்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அதற்குமேல் ஓர் அடி நகர மாட்டேன் என்கிறார் என் மாமா.

நான் அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுமி. பம்மலில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கல்யாணம் ஆகும்வரை எங்களோடுதான் இருந்தார். ஹாலில் இருந்த கம்ப்யூட்டர் அவர் வாங்கிப்போட்டது. என் படிப்புக்கு என்று சொல்லித்தான் வாங்கினார். அம்மா அதை நம்பினாள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்துகொண்டு படிப்பு என்ற சொல்லை நம்பாமல் இருக்க முடியுமா?

அதில் நாங்கள் ஆடியது ஒரே ஒரு கேம். குதிரையும் வாளும் வைத்திருக்கிற ஒரு வீரன் ஊர் ஊராகப் போவான். வழியில் பேய் பிசாசெல்லாம் வரும், வெட்ட வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை மனிதர்கள். ஊருக்கு ஊர் யாராவது வந்து ஒரு நியாயம் கேட்பார்கள். நாம் எந்தப் பதிலை அமுக்குகிறோமோ அதற்குத் தக்கபடி கதை திரும்பும். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது: சண்டை என் வேலை, பேச்சு மாமாவின் வேலை. நான் வியர்க்க வியர்க்கப் பத்துப் பேரை வெட்டிச் சாய்த்து ஒரு மோதிரத்தைப் பிடுங்கி வருவேன்; மாமா அதை உடையவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கூலியும் வேண்டாம் என்பார். பிச்சைக்காரனுக்குக் கடைசி ரொட்டியைக் கொடுத்துவிடுவார். எங்கள் வீரனுக்கு நல்லதாக ஒரு கேடயம்கூட இல்லை. நான் சிணுங்கினால், "நம்ம ஆளு நல்லவன்டா, அவனுக்கு எதுக்கு கேடயம்?" என்று சிரிப்பார்.

டிராகன் கோட்டைக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

கதை இதுதான். பிரபு வளர்க்கும் டிராகனைச் சங்கிலியில் கட்டியிருப்பார்கள். விடிந்தால் வேட்டை என்பதால் சங்கிலியை முன்கூட்டியே அவிழ்க்கச் சொன்னவர் பிரபு. தீனி போடப் போனவனை அது அடித்துவிட்டது. இப்போது பிரபு, அவனே கவனமில்லாமல் அவிழ்த்துவிட்டான் என்கிறார். எங்கள் வீரன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவன். முதல் பதில், பார்த்ததைச் சொல்வது. இரண்டாவது, செத்தவன்மேல் பழியைப் போடுவது. மூன்றாவது, நான் எதையும் பார்க்கவில்லை.

மாமா முதல் பதிலை அமுக்கினார். பிரபு வீரனை அடித்து வெளியே தள்ளினார். செத்தவனின் பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஊரைவிட்டே துரத்தினார். மாமா கேமில் முன்பு சேமித்துவைத்திருந்த பழைய இடத்துக்குத் திரும்பி வந்து மூன்றாவதை அமுக்கினார். ஊர்ஜனம் காறித் துப்பியது, அடுத்த நகரத்துக்குப் போகும் கதவும் திறக்கவில்லை. மறுபடி முதல் பதில். மறுபடி துரத்தல். மறுபடி மூன்றாவது. வேறு யாரிடமாவது முதலில் பேசிவிட்டு வந்தால் மாறுமா என்று சமையல்காரனிடமும் குதிரைக்காரனிடமும் போய்ப் பேசினார். இரண்டாவதை மட்டும் தொடவே இல்லை. ஒரு வாரமாக இதே கூத்து. மாமாவுக்கு விளையாடத் தெரியவில்லை என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

ஒரு வாரமாக அவர் வேலைக்குப் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் ஏதோ விபத்து, விசாரணை முடிகிறவரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள். எனக்கு அது லீவு. அவ்வளவுதான்.

அதே சமயத்தில்தான் மாமாவின் கல்யாணத்துக்கு எங்கள் சபையில் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, ஆராதனைக்கு நடுவில் போதகர் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார். சபை கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். யாராவது எழுந்து ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று நான் ஆசையோடு திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். ஒருவரும் ஒருநாளும் எழுந்ததில்லை.

முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலம் இடுப்பில் குழந்தையோடு ஓர் அக்கா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். படப்பையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். அம்மா நாற்காலி போட்டாள். அவர் தரையில் உட்கார்ந்தார். குழந்தைக்கு என் பழைய ரப்பர் வாத்தைக் கொடுத்தேன். மாமா கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து, சுவரோடு ஒட்டி நின்றார்.

"அண்ணா, அவுரு தூக்கக் கலக்கத்துல மிசினுக்குள்ள கைய வுட்டுட்டாருன்னு எய்தறாங்களாம்ணா. நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. பாத்தத சொல்லுங்க, அது போதும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

"பாக்கறேன்மா," என்றார் மாமா. மறுபடியும், "பாக்கறேன்," என்றார்.

அந்த அக்கா போனபிறகு அம்மா டம்ளரை எடுக்க வந்தாள். டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "பத்திரிகை அடிச்சாச்சு. இப்போ வேலைய விட்டுட்டு வந்து நின்னா பொண்ணு வீட்டுக்கு நான் என்னடா பதில் சொல்வேன்? நீ சொல்றதால போனவன் திரும்பி வரப் போறானா?" மாமா வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடியும் முதல் பதிலை அமுக்கினார். பிரபு மறுபடியும் துரத்தினார்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறன்று, ஆராதனை முடிந்ததும் போதகர் மாமாவையும் அம்மாவையும் கல்யாண விஷயம் பேச உட்காரவைத்துக்கொண்டார். நானும் அப்பாவும் வீட்டுக்கு வந்துவிட்டோம். சாப்பிட்டதும் அப்பா தூங்கிப்போனார். கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. எங்கள் வீரனும் பிரபுவின் முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தான். எத்தனை நாள்தான் நிற்பான்? எனக்கு அந்தக் கதவுக்கு அப்பால் இருந்த நகரத்தைப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தை மீறுகிறோம் என்று தெரிந்தேதான் செய்தேன். இரண்டாவது பதிலை அமுக்கினேன்.

பிரபு எழுந்து வந்து வீரனின் தோளைத் தட்டினார். வெள்ளிக் கேடயம் ஒன்றைக் கொடுத்தார். இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. செத்தவனின் பெண்டாட்டி ஓரமாக நின்றிருந்தாள், ஒன்றும் பேசவில்லை. நான் கதவைத் தாண்டினேன். தாண்டியதும் கேம் தானாகவே சேமித்துக்கொண்டது. இனிப் பழைய இடத்துக்குப் போக வழி கிடையாது.

மாமா வந்ததும் திட்டு விழும் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தார்.

"எத அமுக்கின?"

"ரெண்டாவது, மாமா."

"செத்தவன் பொண்டாட்டி நின்னுட்டிருப்பாங்களே. என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சும்மா நின்னாங்க."

"அழுதாங்களா?"

"இல்ல மாமா. ஒண்ணுமே ஆகல. கேடயம் குடுத்தாங்க, கதவு தொறந்துச்சு, அவ்ளோதான். நீங்கதான் சும்மா பயந்துட்டு இருந்தீங்க."

"ஒண்ணும் ஆகலையா?" என்று இன்னொரு தடவை கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்தார். திட்டு விழாததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் திங்கட்கிழமை, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனார். செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஏறி வேலைக்குப் போனார். அம்மா கேசரி செய்தாள்.

மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிறன்று நான் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சுக்கும் பின்னால், வாசலை ஒட்டி, படப்பை அக்கா நின்றிருந்தார். அன்று குழந்தை இல்லை. தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்டார். சபை அமைதியாக இருந்தது. மாமாவும் திரும்பிப் பார்த்தார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, காதுவரை வெளுத்திருந்தார். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை. பாட்டு தொடங்கியதும் போய்விட்டார்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. மாமா கீழ்க்கட்டளையில் வீடு பார்த்துக்கொண்டு போனார். முழுப் பரீட்சைக்காக அம்மா கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மூடிவிட்டாள். மே மாதம் உறையை எடுத்ததும் நான் தனியாகவே ஆடினேன். நகரத்தில் ஆயிரம் வேலை முடித்தபிறகு, கேம் என்னைச் சுற்றுவழியாக அதே டிராகன் கோட்டைக்குக் கொண்டுவந்து விட்டது. தீனி போடுகிறவனின் குடிசைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அடுப்பில் சாம்பல், தரையில் ஒரு மரப்பொம்மை. பக்கத்து வீட்டுக் கிழவி வீரனிடம் சொன்னாள்: நீ அன்று சொன்னதையே அவள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனாள்.

திரையில் இருந்ததை இன்னொரு தடவை படித்தேன். மூன்று மாதத்துக்கு முன் அமுக்கிய ஒரு பொத்தான் இத்தனை நாள் எங்கே இருந்தது?

அடுத்த ஞாயிறு மாமாவும் அத்தையும் விருந்துக்கு வந்தார்கள். பிரியாணி தம்மில் இருந்தது. நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். "மாமா, நம்ம கேம்ல அந்த ரெண்டாவது பதில் தப்பு மாமா. இத படிங்க."

படித்தார். படித்து முடித்தபிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய இடத்துக்குப் போக முடியாதா?"

"முடியாது மாமா. சேவ் ஆயிடுச்சு. வேணும்னா முதல்ல இருந்து புதுசா ஆடலாம்."

அவர் எழுந்து பைக் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். எங்கே என்று அத்தை கேட்பதற்குள் பைக் கிளம்பிவிட்டது.

எங்கே போனார் என்பது எனக்குத் தெரியவர எட்டு வருடம் ஆயிற்று. அம்மாதான் சொன்னாள், துவைத்த துணியை மடித்துக்கொண்டே. விபத்து நடந்தது தகடு அமுக்கும் பிரஸ்ஸில்; கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்துகிற சென்சார் ஒன்று அதில் உண்டு. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று அதை அணைத்துவைக்கச் சொன்னது மேலதிகாரி. அணைத்தது மாமாவின் கை. அந்தத் திங்கட்கிழமை, செத்தவனே அணைத்துவிட்டான் என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டதும் அதே கை. மே மாத ஞாயிறன்று அவர் படப்பைக்குப் போயிருக்கிறார். அந்த அறையில் வேறு குடும்பம் இருந்ததாம். முன்னால் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லையாம். "கையெழுத்துப் போடச் சொல்லி அவனைத் தள்ளினது நான்தான்," என்றாள் அம்மா. நான் என் பங்கைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் சொன்னதைக் கேட்டா ஒரு மனிதர் கையெழுத்துப் போடுவார் என்று என்னையே ஆயிரம் தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். போட மாட்டார். ஆனால் ஒண்ணும் ஆகல என்று யாராவது ஒருவர் சொல்லிக் கேட்கத் தவித்துக்கொண்டிருந்தார், சொன்னது நான். கேமாவது என்னை அந்தக் குடிசை வாசலுக்குத் திரும்பக் கூட்டிப்போனது. நிஜத்தில் படப்பை அக்காவும் அந்தக் குழந்தையும் என்ன ஆனார்கள் என்று எங்களுக்குச் சொல்ல எந்தக் கிழவியும் இல்லை. மாமா இப்போது அதே கம்பெனியில் மேனேஜர். அவர் வீட்டில் பிள்ளைகள் கேம் ஆடக்கூடாது.

அந்த விருந்து நாளன்று அவர் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பிரியாணி ஆறிப்போய்விட்டது, அத்தையின் முகம் வீங்கியிருந்தது, எனக்கும் அவர் பாதியில் எழுந்துபோன கோபம். புது வீரனுக்குப் பெயர் வைத்து, முதல் ஊருக்கு வந்திருந்தேன். பிச்சைக்காரன் வந்து ரொட்டி கேட்டான். அடியில் பதில்கள் வந்து நின்றன.

"மாமா, பேச்சு வந்துடுச்சு. வாங்க, உங்க வேலை."

அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் சட்டையில் வெயிலும் தூசியும் மணத்தன.

"நீயே சொல்லிடு," என்றார்.

அன்றிலிருந்து சண்டையோடு பேச்சும் என் வேலையாகிவிட்டது. நான் வளர்ந்துவிட்டேன் என்று மாமாவே ஒப்புக்கொண்டதாக நினைத்து, அன்று ராத்திரி ஜெபத்தில் அதற்காக நன்றியும் சொன்னேன்.