அறுபத்தொன்றாவது சென்டிமீட்டர்

இருபத்திரண்டு வருடமாக டெய்லரம்மா துணிமேல் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தோளுக்கு ஒரு வளைவு, இடுப்புக்கு ஒரு பெருக்கல் குறி, பட்டன் வரும் இடத்தில் குட்டிக் குட்டிக் கோடுகள், எல்லாம் சாக்கட்டியில். தைத்து முடித்து ஒரு தட்டு தட்டினால் போச்சு. வீட்டின் முன்னறைதான் கடை. தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவருக்கு மனப்பாடம். யார் இளைத்திருக்கிறார்கள், யார் இளைத்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்பதும் அத்துப்படி. அப்படிப்பட்டவர் நாற்பத்து மூன்றாம் வயதில், மகள் வயசுப் பிள்ளைகளோடு துணி வடிவமைப்பு படிக்கப் போய் உட்கார்ந்தார்.

யாரும் தடுக்கவில்லை. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே மகள்தான். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாத மனிதர். "ஒரு வருஷம் கடைய மூடு, என்ன இப்போ?" என்றதோடு சரி. டெய்லரம்மாதான் தனக்குத் தானே ஒரு கெடு வைத்துக்கொண்டார். முதல் வருடக் கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு. அதில் தேறினால்தான் இரண்டாம் வருடம். தேறாவிட்டால் கப்சிப் என்று கடையைத் திறந்துவிடுவது, படித்த பேச்சையே எடுப்பதில்லை.

வகுப்பில் எல்லோருக்கும் அவர் அக்கா. முதல் வாரமே அக்காவின் மேசைக்கு ஜிப் அறுந்த பைகளும் மடித்துத் தைக்க வேண்டிய பேன்ட்டுகளும் வரிசையாக வந்தன. "நாளைக்கே வேணும்க்கா" என்று வேறு. அவரும் தைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மனசுக்குள் உறுத்தல். இதற்கா இங்கே வந்தோம்?

தேர்வுக்கு ஆளுக்கு இரண்டு துணி, ஒவ்வொன்றும் ஆறு மீட்டர். ஒரே வடிவத்தை ஸ்கிரீன் என்கிற வலைச் சட்டத்தை வைத்து நீளம் முழுக்க அச்சடிக்க வேண்டும். ஓர் அச்சு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் தெரியக் கூடாது, வடிவம் தண்ணீர் மாதிரி ஓட வேண்டும். மற்றவர்கள் இலை வரைந்தார்கள், மீன் வரைந்தார்கள். டெய்லரம்மா தன் சாக்கட்டிக் கோடுகளை வரைந்தார். அந்த வளைவு, அந்தப் பெருக்கல் குறி, அந்தக் குட்டிக் கோடுகள். கருநீலத் துணியில் வெள்ளைச் சாயம். இந்தத் தடவை யார் தட்டினாலும் அழியாது.

அச்சுக்கூடத்தில் நீள மேசை. அதன் ஓரத்தில் ஓர் இரும்புக் கம்பி, கம்பியில் நகர்த்தி முறுக்கி வைக்கும் கட்டைகள். ஸ்கிரீனின் சட்டம் ஒவ்வொரு கட்டையிலும் முட்டி நிற்கும் இடத்தில் ஓர் அச்சு. அவருடைய வடிவம் சரியாக அறுபது சென்டிமீட்டர், ஆகவே கட்டைகளுக்கு இடையிலும் அறுபது. "இரும்பு ஸ்கேல்லயே அளங்க" என்று அச்சுக்கூட ஆசிரியர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். டெய்லரம்மா தலையாட்டிவிட்டு, கழுத்தில் கிடந்த தன் அளவு நாடாவை எடுத்தார். இருபத்திரண்டு வருட நாடா. ஆயிரம் பேருக்குத் தப்பாத நாடா. நேற்று வந்த இரும்புத் துண்டா அவருக்கு அளவு சொல்வது?

செவ்வாய்க்கிழமை ஒன்று, மூன்று, ஐந்து என்று ஓர் இடம் விட்டு ஓர் இடம் அச்சடித்தார். அடுத்தடுத்து அடித்தால் ஈரச் சாயத்தில் சட்டம் பட்டு இழுகிவிடும். அதனால் ஒற்றைப்படை இடங்கள் முதலில், காய்ந்த பிறகு மறுநாள் இரட்டைப்படை. ஸ்குவீஜி என்கிற ரப்பர் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, ஸ்கிரீனில் ஊற்றிய சாயத்தை ஒரே சீராக இழுத்தார். ஸ்கிரீனைத் தூக்கினால் பளிச்சென்று கோடுகள். வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை மத்தியானம் நடுவிலிருந்த இடங்களை அடித்து முடித்தார். நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வோர் அச்சுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெற்றுத் துணி. ஒரு துணிக்கு ஒன்பது இடைவெளி, இரண்டுக்கும் பதினெட்டு. எல்லா வளைவும் அங்கே வந்து துண்டாகி நின்றது.

ஆசிரியர் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இரும்பு ஸ்கேலை வைத்தார். அறுபத்தொன்று. நாடாவை ஸ்கேல்மேல் நீட்டினார். இழுத்து இழுத்து நாடா நீண்டு போயிருந்தது. அதன் அறுபது, ஊருக்கெல்லாம் அறுபத்தொன்று.

"ஆயிரம் பேருக்குத் தெச்சிருக்கேன் சார்! ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்ல!"

"எப்படிச் சொல்வாங்க? ஆளையும் இதுல அளந்தீங்க, துணியையும் இதுலயே அளந்தீங்க. சரியாத்தானே வரும்" என்றார் ஆசிரியர். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. பிறகு முகம் மாறியது. நாளைக்குப் பதினொரு மணிக்குத் தேர்வாளர் வருகிறார். புதுத் துணி போட்டு இரண்டு நாள் வேலையை மறுபடி செய்ய நேரமில்லை.

சாயங்காலம் துணிகளைச் சோபாமேல் விரித்துப் போட்டு, வீடே கூடி நின்று பார்த்தது.

"இதுக்கு ஏம்மா இவ்ளோ கவலை?" என்றாள் மகள். "அந்த வெத்து இடத்த உள்ள மடிச்சு ஒரு தையல் போடு. இந்தப் பக்கக் கோடும் அந்தப் பக்கக் கோடும் ஒட்டிக்கும். உனக்கு அரை மணி நேர வேலை."

உண்மைதான், கண்ணை மூடிக்கொண்டு செய்வார். மெஷின் உறையைக்கூடக் கழற்றிவிட்டார். ஊசியில் நூல் கோத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மாட்டேன்" என்றார். "இத்தன வருஷம் ஊர்ல இருக்கறவங்க வயித்தயும் தோளயும் மடிச்சு மடிச்சுதானே மறைச்சேன். அங்க அச்சடிக்கப் போனவ நான். தேறினாலும் தேறாட்டியும் அச்சடிச்சே போறேன்."

"பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேணாமா?" என்றாள் மகள்.

"அளவப் பத்தி இன்னிக்குப் பேசாதே" என்றார் கணவர். சொல்லிவிட்டு அவரே பயந்து போய் மனைவியைப் பார்த்தார். டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது அவருக்கு ஒரு வழி பிடிபட்டிருந்தது.

"ஏங்க, ஒல்லியா, நீளமா ஒரு மரச் சட்டம் பண்ணித் தர முடியுமா? இந்தத் துணி அகலத்துக்கு?"

கணவர் எதற்கென்று கேட்கவில்லை. வராந்தாவில் ரம்பச் சத்தம் கேட்டது. கிழிந்துபோனதென்று கல்லூரியில் கழித்துப் போட, டெய்லரம்மா வீட்டுக்கு எடுத்து வந்திருந்த ஸ்கிரீன் வலையில் நல்ல பகுதியாக வெட்டிச் சட்டத்தில் இழுத்து அடித்தார்கள். மகள் வலையின் ஓரங்களில் டேப் ஒட்டினாள். டெய்லரம்மா நீளமான காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பிளவை வெட்டினார். இந்தத் தடவை மகளின் பள்ளிக்கூட ஸ்கேலில் அளந்து.

காலை ஏழு மணிக்கெல்லாம் அச்சுக்கூடத்து வாசலில் நின்றார். ஆசிரியர் தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்து, "என்னமோ பண்ணுங்க" என்று விட்டுவிட்டார். காகிதத்தை இடைவெளிமேல் பொருத்தி, மேலே ஒல்லிச் சட்டத்தை வைத்து, சிவப்புச் சாயம் ஊற்றி ஓர் இழுப்பு. பதினெட்டு இடைவெளியிலும் பதினெட்டுச் சிவப்புக் கோடு. அறுந்து நின்ற வெள்ளை வளைவுகள் சிவப்பில் வந்து முட்டி, தாண்டிப் போயின. வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஆளுக்கோர் இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சாயத்தைக் காய வைத்தார்கள். "அக்கா, செம்ம!" என்று ஒருத்தி கத்தினாள். பத்தே முக்காலுக்கு இரண்டு துணியும் கூரையிலிருந்து தொங்கின. டெய்லரம்மா பார்த்தார், அவருக்கே பிடித்துவிட்டது. நேற்று நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் பயம்கூடக் கொஞ்சம் மறந்தது.

தேர்வாளர் கறாரான பெண்மணி, ஒரு துணி ஆலையில் வடிவமைப்பைக் கவனிப்பவர். துணியின் அருகில் போய் விரலால் சிவப்புக் கோட்டைத் தடவினார்.

"இணைப்பு தெரியக் கூடாதுன்னு விதி இருக்கே?"

டெய்லரம்மா நாடா கதையை ஒன்று விடாமல் சொன்னார். தேர்வாளர் சிரிக்கவில்லை. துணியின் மறுகோடி வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"அடுத்த தடவ அச்சடிச்சா இந்த இடைவெளி வருமா?"

"வராதுங்க."

"சிவப்புக் கோடு?"

டெய்லரம்மா தொங்கும் துணியை ஒரு தடவை பார்த்தார். "அது வரும்ங்க. அத நான் விடறதா இல்ல."

தேர்வாளர் குனிந்து ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே ஆசிரியரிடம், "ரெண்டாம் வருஷம் இவங்களுக்கு வாரத்துல ரெண்டு நாள் அச்சு மேசையக் குடுங்க. ஒரு நாள் பத்தாது" என்றார்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். டெய்லரம்மாவுக்கு முதலில் காதில் ஏறவில்லை. ஏறியதும் கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு ஆசிரியர் பக்கம் திரும்பினார்.

"எந்த ரெண்டு நாள் சார்?"